சிஜி ஏற வேண்டிய ஜீப்

நந்தன்கோடு,
திருவனந்தபுரம்.
1 ஜூலை 1996

மருமகன் சுவாமிதாசுக்கு,

நலமா என்று கேட்க இதை எழுதவில்லை. நலமில்லை என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். உங்கள் எஸ்டேட் போன் மழை தொடங்கியதிலிருந்து வேலை செய்யாததால் கடிதம்.

நேற்று ஆராதனை முடிந்து ஆலய வாசலில் டாக்டரம்மாவைப் பார்த்தேன். என் மகள் போன வாரம் பொன்முடியிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்ததும், வந்த இடத்தில் இரத்தம் கண்டதும், இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததும், அதன்பிறகு தம்பானூரில் ஒரு லாட்ஜில் தங்கி மறுபடியும் மலை ஏறியதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு தெரு. இந்த வீட்டில் அறைகள் ஐந்து, ஆள் நான் ஒருத்தி.

சிஜிக்கு இது மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் அவள் நகரத்துக்கு வந்து, பிரசவம் வரை இங்கேயே இருக்கவேண்டும் என்கிறார் டாக்டரம்மா. இன்னொரு தடவை அப்படிக் குலுங்கினால் இதுவும் நிற்காது என்றும் சொன்னார்.

உங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து தார் ரோடு வரையுள்ள கல்பாதையில் ஜீப்பைத் தவிர எதுவும் ஏறாது. ஆகவே வண்டியை மாற்ற வழியில்லை. அதைச் சரிசெய்ய வேண்டும்.

அந்த ஜீப்பை என் கணவர் ஞானாபரணம் மின்வாரிய எஞ்சினியராக இருந்தபோது ஏலத்தில் எடுத்தார். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதில் நான் மலை ஏறியிருக்கிறேன். குழந்தை விழித்ததில்லை. அந்தக் குழந்தைதான் சிஜி. கல்யாணத்துக்கு நான் கொடுத்தபோதும் வண்டி அப்படித்தான் இருந்தது.

பின்பக்க ஸ்பிரிங்கில் இப்போது எத்தனை பிளேட்? டயரில் எவ்வளவு காற்று? ஷாக் அப்சார்பர் எப்போது மாற்றியது? ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பதில் எழுதவும்.

சுசீலாபாய்


எஸ்டேட் குவார்ட்டர்ஸ்,
பொன்முடி.
5 ஜூலை 1996

மதிப்பிற்குரிய மாமிக்கு,

உங்கள் கடிதத்தைச் சிஜியிடம் காட்டவில்லை. அவள் படுக்கையில் இருக்கிறாள். எழுந்து நடக்கக் கூடாது என்று உத்தரவு.

லாட்ஜில் தங்கலாம் என்று சொன்னது நான் இல்லை. உங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று இரண்டு தடவை கேட்டேன். "மாமாவை ஏத்தாத வீட்டுல நான் ஏற மாட்டேன்" என்றாள். மாமா என்று அவள் சொன்னது என் அப்பாவை. அன்றைக்கு வண்டி ஓட்டி வந்ததும் அவர்தான்.

போன வருடம் மழையில் தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றி வரும்போது ஸ்பிரிங்கில் ஒரு பிளேட் முறிந்தது. ஃபேக்டரிக்கு மூட்டை கொண்டுபோக எங்கள் பக்கத்தில் வேறு வண்டி கிடையாது. அப்பா பழைய லாரி பிளேட்டை வெட்டி, பக்கத்துக்கு இரண்டாக உள்ளே சேர்த்தார். முப்பது வருடம் செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் லாரி ஓட்டியவர் அவர். அதற்குப் பிறகு எதுவும் முறியவில்லை. சிஜி உண்டான பிறகு, வழியில் டயர் போய் நின்றுவிடக் கூடாது என்று காற்றையும் நிறைய அடித்துவைத்தார். வண்டி உறுதியாக இருக்கட்டும் என்று நினைத்துச் செய்ததுதான் எல்லாம்.

அந்தப் பிளேட்டைக் கழற்று என்று அடுத்து எழுதுவீர்கள். உங்கள் பேரைச் சொல்லி நான் அப்பாவிடம் அதைக் கேட்டால் அது பிளேட்டைப் பற்றிய பேச்சாக இருக்காது. கல்யாணத்தன்று காலை அவர் புது வேட்டி கட்டிக்கொண்டு இதே ஜீப்பை உங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். படுதாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "ஏறுங்க மைனி" என்று சம்பந்தி முறை சொல்லிக் கூப்பிட்டார். லாரி ஓட்டுகிறவர் ஓட்டும் வண்டியில் நான் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டு, டாக்ஸி வரும்வரை வெயிலில் நின்றீர்கள். ஆலயத்தில் பாஸ்டர் முதல் எல்லோரும் காத்திருந்தார்கள்.

அப்பா அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. எனக்கு மறக்கவும் இல்லை.

சுவாமிதாஸ்


நந்தன்கோடு
9 ஜூலை 1996

மருமகனுக்கு,

நான் கேட்டது மூன்று. ஷாக் அப்சார்பரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்காததைப் பற்றி அரைப் பக்கம் இருக்கிறது. அந்த அரைப் பக்கத்துக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

பிளேட் அப்படியே கிடக்கட்டும். காற்றைக் குறைக்க யாருடைய சம்மதமும் வேண்டாம். என் கணவரின் காற்று பார்க்கும் மீட்டரைப் பொன்முடி பஸ் கண்டக்டர் வசம் கொடுத்தனுப்புகிறேன். கல்பாதைக்கு எவ்வளவு, தார் ரோட்டுக்கு எவ்வளவு என்று உறையின் உட்பக்கம் அவர் கையால் எழுதியிருக்கிறது. டயரைக் கட்டையால் தட்டிக் காதால் அளப்பது லாரிக்குப் போதும். தோல் உறையோடு மீட்டர் திரும்பி வரவேண்டும்.

இரும்பு கெட்டியாக இருந்தால் வண்டி பத்திரம் என்று நினைப்பது மூட்டை ஏற்றுகிறவர்களின் வழக்கம். மூட்டைக்கு வலிக்காது.

அதே பையில் ஒரு குப்பி எலுமிச்சை ஊறுகாய் இருக்கிறது. நான் கொடுத்ததாகச் சிஜியிடம் சொல்லவேண்டாம்.

சுசீலாபாய்


பொன்முடி
18 ஜூலை 1996

மாமிக்கு,

மீட்டர் கிடைத்தது. ஊறுகாய்க் குப்பியைத் திறந்ததும் சிஜி யார் போட்டது என்று கண்டுபிடித்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

உறையில் எழுதியிருந்தபடி காற்றைக் குறைத்தேன். ஷாக் அப்சார்பர்கள் எண்ணெய் முழுவதும் கசிந்து கிடந்தன. நெடுமங்காட்டிலிருந்து வாங்கி மாற்றினேன். பிறகு கொழுந்து பறிக்கிற பூமாரியைக் கூப்பிட்டு, பின்னால் மெத்தை விரித்துப் படுக்கவைத்து, தார் ரோடு வரை ஓட்டிப்பார்த்தேன். அவள் ஐந்து பெற்றவள், சொன்னால் சரியாக இருக்கும். இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சாரே, முன்னால உலக்கையால இடிச்சிது. இப்பம் கட்டையால இடிக்கி. அம்புட்டுதான் வித்தியாசம்" என்றாள்.

மூட்டைக்கு வலிக்காது என்று நீங்கள் எழுதியதைச் சிஜி எடுத்து வாசித்துவிட்டாள். அவள் அழுததில் அப்பாவுக்கும் தெரிந்தது. மறுநாள் நான் தோட்டத்திலிருந்து திரும்பியபோது அவர் ஜீப்பின் அடியில் படுத்திருந்தார். லாரி பிளேட் எல்லாம் வெளியே முற்றத்தில் கிடந்தன. 

அதற்குப் பிறகு ஓட்டிப்பார்த்தோம். ஒவ்வொரு பள்ளத்திலும் அடியில் சம்மட்டி அடிப்பதுபோல் சத்தம். பூமாரி பாதி வழியில் இறங்கி நடந்தாள். அப்பா என்னிடம், "பட்டணத்துல இருந்து பறஞ்சாச்சு, இஞ்ச செய்தாச்சு. இனி இத ஆரு சொமக்கது?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய வேலையையும் கெடுத்தோம், வண்டியும் முன்பைவிட மோசம். நேற்றுச் சாயங்காலம் சிஜிக்கு மறுபடியும் வலி வந்தது. ஒரு மணி நேரத்தில் நின்றது. அந்த ஒரு மணி நேரமும் நான் வாசலில் நிற்கிற ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் எப்படி ஏற்றுவேன்?

இனி கடிதத்தில் வண்டி பழுதுபார்க்க வேண்டாம்.

சுவாமிதாஸ்


நந்தன்கோடு
22 ஜூலை 1996

மருமகனுக்கு,

வலி வந்த செய்தியைக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதவேண்டும். நான் நின்றுகொண்டே வாசித்தேன். அந்த இடம் வந்தபோது உட்கார நாற்காலி பக்கத்தில் இல்லை.

இனி வண்டி. ஸ்பிரிங் கெட்டியாக இருந்தால் வண்டி தூக்கிப்போடும். அடியில் சம்மட்டி அடித்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மூட்டை சுமந்து சுமந்து பழைய பிளேட்டுகள் வளைவு போய் நிமிர்ந்துவிட்டன. பள்ளத்தில் அச்சு மேலே ஏறி, சட்டத்துக்கு அடியிலுள்ள ரப்பர் கட்டையில் போய் மோதுகிறது. உங்கள் தகப்பனார் சேர்த்த பிளேட் இவ்வளவு நாளும் அதை மோதவிடாமல் தாங்கிக்கொண்டிருந்தது. லாரி பிளேட்டோடும் ஆகாது, அது இல்லாமலும் ஆகாது. பழைய பிளேட்டுகளை உலையில் காய்ச்சி, பழைய வளைவுக்குக் கொண்டுவர வேண்டும். முறிந்ததற்குப் பதிலாக அதே கனத்தில் ஒன்று சேர்க்க வேண்டும்.

கிள்ளிப்பாலத்தில் கோலப்பன் என்பவர் பட்டறை வைத்திருக்கிறார். போய்ப் பேசினேன். மூன்று நாள் கேட்கிறார். ஸ்பிரிங்கை எல்லாம் கழற்றி பஸ்ஸில் அனுப்பினால் அத்தனை நாளும் உங்களிடம் ஓடுகிற வண்டி இருக்காது. அந்த நேரத்தில் அவளுக்கு ஏதாவது ஆனால் கட்டிலோடு சுமந்துதான் இறக்கவேண்டும். டாக்டரம்மாவிடம் கேட்டேன். அசையாமல் படுத்திருந்தால் பயமில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதை நான் முடிவு செய்ய முடியாது. நீங்கள் அவளுடைய கணவர். முடிவு செய்து எழுதுங்கள்.

சுசீலாபாய்


பொன்முடி
27 ஜூலை 1996

மாமிக்கு,

சிஜிக்கு இரண்டு நாளாக வலி இல்லை. முதல் வரியில் எழுதியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். தாங்கிக்கொண்டிருந்தது என்று நீங்கள் எழுதிய இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு "உள்ளதுதான்" என்றார்.

வரும் செவ்வாய்க்கிழமை ஸ்பிரிங்கை எல்லாம் சாக்கில் கட்டி, பஸ்ஸுக்கு மேலே ஏற்றி, அவரே கொண்டுவருகிறார். தார் ரோடு வரை தோட்டத்து ஆட்கள் சுமந்துவருவார்கள். தம்பானூரிலிருந்து ஆட்டோ பிடித்துப் பட்டறைக்குப் போவார், லாட்ஜில் தங்குவார். நீங்கள் வரவேண்டாம்.

இங்கே ஜீப்பைக் கட்டைமேல் தூக்கி நிறுத்தப்போகிறோம். அதைப் பார்க்க வேண்டாமே என்று ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொல்கிறாள் சிஜி.

சுவாமிதாஸ்


நந்தன்கோடு
2 ஆகஸ்ட் 1996

மருமகனுக்கு,

வரவேண்டாம் என்று எழுதினீர்கள். மூன்று நாளும் போனேன்.

உங்கள் தகப்பனார் உலைக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் இந்தப் பக்கம் குடையோடு நின்றேன். பேச வேண்டியதைக் கோலப்பனிடம்தான் இரண்டு பேரும் சொன்னோம். பிளேட்டின் வளைவு எல்லாம் ஒன்றுபோல் வரவேண்டும் என்று நான் சொன்னேன். "கோலப்பா, ரெண்டு பக்கமும் ஒரே பொக்கத்துல நிக்கணும், பாத்துக்க" என்று உயரத்தை அவர் சொன்னார். ஒரு பிளேட்டைச் சேர்த்துவைத்துப் பார்த்தபோது நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அதை நான் சுட்டிக்காட்ட வாய் திறப்பதற்குள் அவர் சுட்டிக்காட்டினார். கடைசியில் கோலப்பனுக்குப் பொறுமை போயிற்று. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாவும் ராஜையன் அண்ணாச்சியும் ஒரே காரியத்தத்தான சொல்லுதிய. எனக்கு எதுக்கு ரெண்டு தரம்?" என்றார். உங்கள் தகப்பனார் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மதியத்துக்கு வேலைக்காரி வசம் சாப்பாடு கொடுத்தனுப்பினேன். அடுக்குப்பாத்திரம் திறக்காமல் திரும்பி வந்தது. ஓட்டலில் சாப்பிட்டுவிட்டேன் என்றாராம்.

பிளேட் வேலை நன்றாக வந்திருக்கிறது. ஆரியசாலையில் ஸ்பிரிங் முனையிலுள்ள கண்ணுக்குள், போல்ட்டைச் சுற்றிப் போடும் ரப்பர் புஷ் புதிதாக வாங்கி அவரிடம் கொடுத்திருக்கிறேன். பழையவை கல்லாகிவிட்டன. இனி எழுதுவதைக் கவனமாக வாசியுங்கள். மாட்டும்போது போல்ட்டை விரலால் மட்டும் முறுக்கிவைக்க வேண்டும். வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, ஏறவேண்டிய பாரம் ஏறிய பிறகுதான் இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் முறுக்கேறி, ஸ்பிரிங்கை அசையவிடாது.

எனக்கு எப்படித் தெரியும் என்று சிஜி கேட்பாள். அவளுடைய அப்பா போல்ட் இறுக்கும் நாட்களில் பாரத்துக்கு ஆள் கிடைக்காது. நான் பட்டுச்சேலையோடு பின்னால் உட்கார்ந்திருப்பேன், ஆலயத்துக்கு நேரமாயிற்று என்று சொல்லிக்கொண்டு.

இதை உங்கள் தகப்பனாரிடம் நேரிலேயே சொன்னேன், கோலப்பன் வழியாகச் சொல்லவில்லை. அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். 

சுசீலாபாய்


பொன்முடி
12 ஆகஸ்ட் 1996

மாமிக்கு,

சிஜிக்கு இந்த வாரம் மூன்று தடவை வலி வந்தது. ஒவ்வொரு தடவையும் தானாக நின்றது. மாதக் கடைசி வரை பொறுக்க வேண்டாம், உடனே இறக்குங்கள் என்கிறார் எஸ்டேட் கம்பவுண்டர். மழை விடவில்லை. கல்லாறுக்கு மேலே இரண்டு இடத்தில் மண் சரிந்து, பஸ் பாதி அகல ரோட்டில்தான் போகிறது.

வண்டியில் அந்தச் சம்மட்டிச் சத்தம் அடியோடு போய்விட்டது. ஆனாலும் விறைப்பு இருக்கிறது. பலகைமேல் உட்கார்ந்து போவதுபோல் இருக்கிறது என்றாள் பூமாரி. அப்பா போல்ட்டை ஜாக்கிமேல் வைத்துத்தான் இறுக்கினார். நீங்கள் எழுதியதைச் சொன்னேன். "முப்பது வருசம் ஜாக்கிமேல வச்சுத்தான் முறுக்கினேன். லாரி ஓடல்லியா?" என்று கேட்டார். அவருக்கு என்ன சொல்லட்டும்?

அடுத்ததைச் சிஜி எழுதச் சொல்கிறாள். எழுதவேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப்பார்த்தேன். நீங்கள் இங்கே வந்து, ஜீப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அவள் இறங்குவாளாம். ஓட்டுவது மாமாவாக இருக்கவேண்டுமாம். இந்த நேரத்தில் எதற்குப் பிடிவாதம் என்று கேட்டேன். "சொல்லலேன்னா அம்மா டாக்ஸி பிடிச்சுப் பின்னால வருவாங்க" என்றாள்.

பிடிவாதம் இல்லாவிட்டாலும் அப்பாதான் ஓட்டவேண்டும். அவளைப் பின்னால் படுக்கவைத்துக்கொண்டு அந்த வளைவுகளில் நான் ஸ்டியரிங் பிடித்தால் ரோட்டைவிட அவளைத்தான் பார்ப்பேன். மானேஜர் லீவில் போயிருப்பதால் ஃபேக்டரியும் என் பொறுப்பில் இருக்கிறது. தார் ரோடு வரைதான் என்னால் கூட வரமுடியும்.

கல்யாணத்தைப் பற்றி நான் எழுதியதெல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும். வருவீர்களா?

சுவாமிதாஸ்


நந்தன்கோடு
14 ஆகஸ்ட் 1996
(பஸ் கண்டக்டர் வசம்)

மருமகனுக்கு,

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். தார் ரோட்டில் ஜீப் நிற்கட்டும். குவார்ட்டர்ஸ் வரை அதிலேயே வருகிறேன். எவ்வளவு விறைப்பு என்று என் முதுகு சொல்லிவிடும்.

உங்கள் தகப்பனாரிடம் இதைச் சொல்லுங்கள். லாரி ஸ்பிரிங்கில் பித்தளைப் புஷ். கிரீஸில் வழுக்கிக்கொண்டு திரும்பும். ஜாக்கிமேல் இறுக்கினாலும் தரையில் இறுக்கினாலும் அதற்கு ஒன்றுதான். முப்பது வருடம் அவர் செய்தது சரி. ஜீப்பில் ரப்பர். அது வழுக்காது, முறுக்கும். அதனால் நான் சொன்னதும் சரி.

நான் வந்து சேர்ந்ததும் வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, எல்லாப் போல்ட்டையும் தளர்த்தி வையுங்கள். பூமாரியும் நானும் பின்னால் உட்காருகிறோம். அதன் பிறகு அவர் இறுக்கட்டும்.

சிஜியிடம் நான் வருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். அவள் போட்ட நிபந்தனையைப் பற்றி எனக்குத் தெரியாது என்றே இருக்கட்டும்.

சுசீலாபாய்


பொன்முடி
17 ஆகஸ்ட் 1996, காலை
(பஸ் கண்டக்டர் வசம்)

மாமிக்கு,

அப்பா இன்னும் திரும்பவில்லை. நேற்று இருட்டுவதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனார். போன் இல்லை. கீழே மறுபடியும் மண் சரிந்தது என்று காலையில் பால்காரன் சொன்னான். பஸ் வந்திருக்கிறது, அதனால் ரோடு திறந்துதான் இருக்கிறது. பிறகு ஏன் வரவில்லை?

தார் ரோட்டில் உங்களை விட்டுவிட்டு மூன்றாவது வளைவு வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி ஆடிற்று. தொட்டில் ஆடுவதுபோலத்தான் ஆடிற்று. முன்பு அது ஆடியதே இல்லை, குதித்ததுதான் உண்டு. அதில் கொஞ்சம் தைரியம் வந்தது. ஃபேக்டரிக்கு நடந்து வருவதற்குள் அந்தத் தைரியம் போய்விட்டது.

நேற்று நீங்களும் பூமாரியும் பின்னால் உட்கார்ந்திருக்க, அப்பா அடியில் படுத்துப் போல்ட் முறுக்கிக்கொண்டே "பாரம் காணுமா மைனி?" என்று கேட்டார். "காணும், போதும்" என்றீர்கள். வீட்டுக்குள் படுத்திருந்த சிஜிக்கு அது கேட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்ததை அப்போது பார்த்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்காது.

இதே கண்டக்டர் மத்தியானம் திரும்பி வருவார். ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

சுவாமிதாஸ்


நந்தன்கோடு
17 ஆகஸ்ட் 1996

மருமகனுக்கு,

சிஜி நலம். குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது. இரத்தம் இல்லை, வலி இல்லை. டாக்டரம்மா நேற்றே பார்த்துவிட்டார். அவளை வீட்டில் படுக்கவைத்திருக்கிறேன்.

இந்த வரிகளை வாசித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். மீதி அவசரமில்லை.

கல்லாறு வரை உங்கள் தகப்பனார் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினார். மண் சரிந்த இடத்தில் ஒரு சக்கரம் கல்லில் ஏறி இறங்கியது. நான் சிஜியின் தலையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தூக்கிப்போடவில்லை. மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது. அந்த இடம் கடந்ததும், மழை கூடுவதற்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது, கொஞ்சம் வேகமாகப் போகலாம் என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "மைனி, வண்டி நான் ஓட்டுதேன். நீங்க எனக்க மருமவளுக்க தலைய மட்டும் பிடிங்க" என்றார். என் கணவர்கூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை. நான் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

கல்லாறு பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இனி முழுவதும் தார் ரோடு, காற்று கொஞ்சம் அடிக்கவேண்டும் என்று இறங்கினார். கை கட்டையைத் தேடிற்று. பிறகு, "அந்த மீட்டர் இருக்குல்லா, அதத் தாருங்க" என்று கையை நீட்டினார். நீங்கள் ஜீப்பில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். உறைக்குள் எழுதியிருந்ததைத் தூரத்தில் பிடித்து வாசித்து, பம்பால் அதே அளவுக்கு அடித்தார்.

விதுரையிலிருந்து நெடுமங்காடு வரை சிஜி தூங்கினாள். நெடுமங்காட்டுச் சந்தை இரைச்சலிலும் விழிக்கவில்லை.

அவர் ஏன் திரும்பவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளே வந்து படுக்கச் சொன்னேன், அறை தயாராக இருந்தது. "இல்ல மைனி, வண்டிக்கப் பக்கத்துல கெடக்கேன். பொறவு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னா ஆளு வேணும்லா" என்று ஜீப்பிலேயே படுத்துக்கொண்டார். இன்றும் போகமாட்டேன் என்கிறார். சாப்பாட்டை அங்கேயே கொடுத்தனுப்பினேன். அடுக்குப்பாத்திரம் காலியாகத் திரும்பி வந்தது. மீன்குழம்பில் புளி கூடுதல் என்று வேலைக்காரியிடம் சொன்னாராம். கூடுதல்தான்.

சுசீலாபாய்


பொன்முடி
4 நவம்பர் 1996

அன்புள்ள மாமிக்கு,

சிஜியும் குழந்தையும் நலமாக இருப்பதாக நேற்று அப்பா வந்து சொன்னார். மகள் என் சாயல் என்று நான் பார்த்தபோது தோன்றியது. அப்பா பிடிவாதமாக மறுக்கிறார். அவள் புருவத்தைச் சுளிக்கும்போது அப்படியே மைனிதான் என்கிறார்.

பதினேழாம் தேதி ஞானஸ்நானத்துக்கு முந்தின நாளே வந்துவிடுவேன். வீட்டிலிருந்து ஆலயத்துக்குப் போக உங்களுக்குத் தனியாக டாக்ஸி சொல்லட்டுமா என்று கேட்க நினைத்தேன். அது கல்யாணம் நடந்த ஆலயம், எல்லோரும் வந்திருப்பார்கள். உங்களுக்குச் சங்கடம் இருக்கக் கூடாது என்பதற்காகக் கேட்கிறேன். அப்பாவும் அதையேதான் சொன்னார். ஜீப்பைப் பின்பக்க வழியாகக் கொண்டுவந்து, சிஜியையும் குழந்தையையும் மட்டும் ஏற்றிக்கொள்கிறேன் என்கிறார்.

மீட்டரையும் தோல் உறையோடு கொண்டுவருகிறேன்.

சுவாமிதாஸ்


நந்தன்கோடு
7 நவம்பர் 1996

மருமகனுக்கு,

சிஜி நலம். குழந்தை நலம். புருவம் யாருடையது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மீட்டர் அவரிடமே இருக்கட்டும். அளவு பார்த்துக் காற்றடிக்கப் பழகிவிட்டார், இனி நிறுத்தவேண்டாம்.

டாக்ஸி சொல்லவேண்டாம். பின்பக்க வழியும் வேண்டாம், அங்கே விறகு அடுக்கியிருக்கிறது. பதினேழாம் தேதி காலை ராஜையன் அண்ணன் ஜீப்பை முன்வாசலில் கொண்டுவந்து நிறுத்தட்டும். வேட்டி புதிதாக இருக்கட்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் நான் உட்காருவேன். சிஜியும் நீங்களும் பின்னால். ஆலய வாசலில் எல்லோரும் இறங்குகிற இடத்தில்தான் நாமும் இறங்கவேண்டும்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். படுதாவைத் தூக்கிப் பிடித்து "ஏறுங்க மைனி" என்று அவர் கூப்பிடவேண்டும். கூப்பிடாமல் நான் ஏறமாட்டேன்.

சுசீலாபாய்